பதினொண்ணாம் நம்பருக்கு ஒரு சுத்து

சித்தெ அந்தக் கையை மேல தூக்குங்க சார். ஆங், அப்படித்தான். ஐஸ் வெச்சா மொதல்ல சுருக்குன்னு இருக்கும், பல்லைக் கடிச்சுக்குங்க. அடேங்கப்பா! வெலாப் பக்கம் நல்லா போண்டா கணக்கா வீங்கியிருக்குதுங்களே. தோலு கொஞ்சம் உரிஞ்சிருக்குது, அவ்வளவுதான். மூச்சை இழுத்து விடுங்க பாக்கலாம். உள்ள குத்துதுங்களா? இல்லீல்ல? அப்ப எலும்புக்கு ஒண்ணுமில்ல. நாலு நாளைக்கு அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்காதீங்க, சரியாப் போயிரும்.

சுட்டவரு உங்க ஆபீஸ்காரருதானுங்களே? உங்களுக்குக் கீழ வேலை பாக்கறவரா? அப்ப சந்தோசமாத்தான் சுட்டிருப்பாரு, உடுங்க. சும்மா சொன்னேன் சார், கோவிச்சுக்காதீங்க. அவரு மேல தப்பில்ல. டிரம்முக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் அவரு, பத்தடி கூட இருக்காது. ஆனா பத்தடியில பட்டாலும் இப்படி உரியக் கூடாதுங்க. சாயம் தெறிக்கணும், ஐயோன்னு கத்தணும், அப்பறம் சிரிக்கணும், அதுதான் விளையாட்டு. உரிஞ்சிருக்குதுன்னா துப்பாக்கியில வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

எம்பேரு வெள்ளிங்கிரிங்க. இந்தப் பெயிண்ட்பால் மைதானத்துல பத்து வருசமா துப்பாக்கி பாக்கற மெக்கானிக்கு. மார்க்கர்னு சொல்லோணும்னு ஓனர் சொல்லுவாரு. துப்பாக்கின்னா புள்ளைகளைக் கூட்டிட்டு வர்ற அம்மாமாரு பயந்துக்குவாங்களாம். நமக்கு வாயில துப்பாக்கின்னுதான் வருது.

ஒரு விசயம் சொல்லிப்புடறேன், கேட்டுக்குங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபீஸ்ல இருந்து புகார் நோட்டு வரும். எந்த நம்பர் துப்பாக்கி, யாரு பொறுப்புன்னு நீங்க எழுதோணும். உங்களை அடிச்சது பதினொண்ணு. குழல்ல மஞ்ச டேப்பு ஒட்டியிருக்கும். மஞ்ச டேப்புன்னா தேவசகாயம்னு ஒருத்தரு, அந்தக் கொட்டாய்க்குள்ள தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காரு பாருங்க, கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டியிருக்காரே, அவரேதான். நீல டேப்புன்னா நானு. ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் என்னுது. ஏழுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவருது. நீங்க மஞ்சன்னு மட்டும் எழுதுனாப் போதும். மத்ததை ஓனர் பாத்துக்குவாரு.

எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பொங்கல் முடிஞ்சா ஒரு மெக்கானிக் போதும்னு ஓனர் சொல்லிப்புட்டாரு. யாரு துப்பாக்கியால ஆளுக்கு அடிபடுதோ அவரு மூட்டையைக் கட்டிக்கலாம்னும் சொல்லிப்புட்டாரு. ஒண்ணு அவரு, இல்லாட்டி நானு. அதனாலதான் சொல்றேன். மஞ்ச.

இல்லைங்க சார், எனக்கு அவரு மேல கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. சத்தியமா இல்ல. நல்ல மனுசன். அறுபதைத் தொடப்போறாரு, சம்சாரம் தவறி ஆறு வருசமாச்சு, தலையில நாலு முடி இருக்குது. அந்த நாலையும் எண்ணெய் தடவி வாரிட்டு வருவாரு, அதுதான் எனக்குப் புரியல. துப்பாக்கிக்கு எண்ணெய் போடறவனுக்குத் தலைக்கு எதுக்குங்க எண்ணெய்? யாரு பாக்கறதுக்கு?

சரி, அதை உடுங்க. இந்தப் பன்னெண்டு துப்பாக்கியும் பெங்களூர்ப் பக்கம் எங்கியோ இழுத்து மூடுன மைதானத்துல இருந்து வாங்கியாந்தது. அப்பவே பழசு. நான் மில்லுல கம்ப்ரசர் ஓட்டிட்டிருந்தவன், காத்து, அழுத்தம், வால்வு எல்லாம் நமக்கு அத்துபடி. ஓனர் என்னைக் கூப்புட்டு, வெள்ளிங்கிரி, இதுக இனி உன்ற பொறுப்புன்னாரு. நொடிக்கு இருநூத்தி எம்பது அடிக்கு மேல ஒரு உருண்டையும் போகக் கூடாது, அதுதான் இங்க சட்டம். துப்பாக்கி பின்னால ஒரு திருகாணி இருக்கும். ஆலன் கீயைப் போட்டு உள்ள ஒரு சுத்துச் சுத்துனா வேகம் கூடும், வெளிய ஒரு சுத்துச் சுத்துனாக் குறையும். நம்பர் குறைஞ்சா உள்ள. நம்பர் கூடுனா வெளிய. ஒம்போது வருசம் நான் அப்படித்தான் ஓட்டுனேன். ஒருத்தனும் ஒரு கொறை சொன்னதில்ல. எட்ட மாட்டேங்குது, பாதி தூரத்துலயே விழுந்துருதுன்னு சொல்லுவாங்க, எங்கியோ பாத்துச் சுட்டா எங்கியோ போவுதுன்னு சொல்லுவாங்க, அதையெல்லாம் கொறைன்னு எடுத்துக்க முடியுங்களா?

வேகம் பாக்கறதுக்கு ஒரு மிஷினு. அந்த வேப்பமரத்துக்குக் கீழ மேசை மேல இருக்குது பாருங்க, சின்னப் பொட்டி. குழலை அதுக்கு நேரா நீட்டிச் சுட்டா நம்பர் காட்டும். அந்த நம்பரைப் படிச்சு நோட்டுல எழுதறதுதான் எங்கூட்டுக்காரிக்குச் சோலி. சாந்தாமணி. காலையில ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பத்துப் பத்துக் குண்டு. நான் சுடுவேன், அவ படிப்பா. கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் நேருக்கு நேராப் பேசிக்கறதே அந்த மேசையிலதான்னு வெச்சுக்குங்களேன். ஊட்டுல அவ ஒரு மூலை, நான் ஒரு மூலை. இங்க வந்தா, இருநூத்தி அறுவது... இருநூத்தி தொண்ணூத்தி ரெண்டு... இருநூத்தி நாப்பத்தி நாலு... சந்தையில காய் வெலை கேக்கற மாதிரிதான் படிப்பா, இருந்தாலும் என்ற துப்பாக்கி, என்ற நம்பரு, அவ வாயில வருது. எனக்கு அது போதுமா இருந்துச்சுங்க.

அப்பத்தான் இந்தாளு வந்து சேந்தாரு. போன வருசம் கார்த்திகை மாசம். திருப்பூர்ல முப்பது வருசம் தையல் மிஷின் ரிப்பேர் பாத்தவராம். ஓனர் கூட்டியாந்து, ஆளுக்கு ஆறு எடுத்துக்குங்கன்னு பிரிச்சு உட்டுட்டாரு. பன்னெண்டும் என்ற கையில இருந்துது சார். பாதியைப் புடுங்கி அவருகிட்டக் குடுத்தாங்க. பங்காளி வந்து காட்டைப் பிரிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

மொத நாளு அந்தாளு என்ன பண்ணுனாருன்னு நெனைக்கிறீங்க? திருகாணியைத் தொடவே இல்ல. ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு ஆறு துப்பாக்கியையும் அக்கு வேறா ஆணி வேறாப் பிரிச்சாரு. உள்ள இருக்கற ரப்பர் வளையத்தை ஒவ்வொண்ணா எடுத்து விரல்ல நசுக்கிப் பாக்கறாரு. "தம்பி, இது அப்பளமாட்ட நொறுங்குதே, எப்ப மாத்துனீங்க?"ன்னு எங்கிட்டக் கேக்கறாரு. நானு, ஓடிட்டுத்தானுங்களே இருந்துச்சுன்னேன். "ஓடும் தம்பி, கசிஞ்சுக்கிட்டே ஓடும்"னாரு. எப்படி நாசூக்காச் சொல்றாரு பாருங்க! அப்பறம் ஆறு ஸ்பிரிங்கையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு, எது குட்டையாப் போச்சுன்னு பாத்து அதை மாத்தறாரு. குழலுக்குள்ள சாய உருண்டையைப் போட்டு வாயில ஊதறாரு, நாதஸ்வரக்காரராட்ட. ஊதுனா வெளிய வரோணுமாம், ஊதாம உருண்டு வந்தாக் குழல் பெருசாம், ஊதியும் வராட்டி உருண்டை ஈரத்துல உப்பிப் போச்சாம். எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஓனர்கிட்டப் போயி, இந்தாளு சுடமாட்டாரு, ஊதிக்கிட்டே இருப்பாருன்னு கூடச் சொன்னேன்.

மக்யா நாளு மேசைக்கு வந்தாரு. ஒரு குண்டு சுடறது, பத்து எண்றது, இன்னொண்ணு சுடறது. அவசரமாச் சுட்டா சிலிண்டர் குளுந்து போயி நம்பர் இறங்குமாம். சாந்தாமணி படிக்கிறா. இருநூத்தி எழுவத்தெட்டு. இருநூத்தி எழுவத்தெட்டு. இருநூத்தி எழுவத்தொம்போது. இருநூத்தி எழுவத்தெட்டு. நாலாவது குண்டுக்கே அவ குரல் மாறிப்போச்சு சார். கும்மிப்பாட்டுக்குத் தாளம் எடுக்கற மாதிரி ஒரு இழுப்பு. பத்தும் முடிஞ்சு நிமுந்து பாத்து, "அண்ணா, பத்தும் ஒரே மாதிரி வருதுங்களே!"ன்னா.

ஒரே மாதிரி வருதாம்! நானும் இருவத்திரெண்டு வருசமா ஒரே மாதிரிதானுங்களே இருக்கறேன்? ஒரு நாளாச்சும் என்னைப் பாத்துச் சொல்லியிருக்கறாளா?

வாய் நெறைய அண்ணா, அண்ணான்னுதான் கூப்புடுவா. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகம்.

அந்தாளு அதுக்கு என்ன சொன்னாரு தெரியுங்களா? "வேகம் முக்கியமில்லம்மா, பத்தும் ஒண்ணு போல வரோணும். ஒரு நம்பர் சரியா வந்தா அது அதிர்ஷ்டம். பத்தும் வந்தாத்தான் துப்பாக்கி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்"னாரு. எங்கூட்டுக்காரி வாயைத் தொறந்து கேட்டுட்டு உக்காந்திருக்கா. நான் சொன்னா, தேங்காய் வாங்கிட்டு வந்தீங்களான்னு கேப்பா.

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க சார் எனக்கு. வவுத்துக்குள்ள ஒரு எரிச்சல். மொதல்ல மொளகாப்பொடி ஜாஸ்தியாப் போச்சுன்னுதான் நெனைச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, இது வேறன்னு. பொறாமைதானுங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம்? நீங்க ஊருக்குப் போறவரு, உங்ககிட்டச் சொன்னா யாருக்குத் தெரியப் போவுது. மழை வந்தா அந்தாளு கொட்டாயில ஒழுவாது, என்ற கொட்டாயில ஒழுவும், அதுக்கும் எரிஞ்சுது. அவரு டீ குடிச்ச டம்ளரை அவரே கழுவி வெப்பாரு, அதுக்கும் எரிஞ்சுது. அதைப் பாத்துட்டு வந்து, நீங்களுந்தான் இருக்கறீங்களேன்னா சாந்தாமணி. கேக்கணுமா?

சோத்துப் போசி கதையைக் கேளுங்க. நாங்க ரெண்டு பேருக்கு ஒரு போசிதான் கொண்டாருவோம். அந்த மார்கழி பொறந்ததுல இருந்து ரெண்டு போசி. ரெண்டாவது அந்தாளுக்கு. பொண்டாட்டி இல்லாத மனுசன், ஓட்டல் சோறு திங்கறாருங்கறா. ஒரு நாளு தொறந்து பாத்தேன், அரிசிம்பருப்புச் சோறு, மேல நெய்யி, ஓரத்துல வாழைக்காய் வறுவல். எனக்கு வந்த போசியிலயும் அதேதான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா வறுவலை நான் எண்ணிப் பாத்தேன் சார். அவருக்கு ஒண்ணு ஜாஸ்தி.

சிரிக்காதீங்க, சிரிச்சா வலிக்கும்.

இதைக் கேளுங்க. திங்கக்கெழமை இங்க லீவு. ஓனர் அந்தப் பொங்கல் கணக்கைச் சொன்னாரே, இந்த ஐப்பசியில, அதுல இருந்து மேசைத்துணியெல்லாம் தொவைக்கோணும், முகமூடியெல்லாம் கழுவோணும்னு சொல்லிட்டு திங்கக்கெழமை திங்கக்கெழமை இவ தனியாக் கெளம்ப ஆரம்பிச்சா. நானும் வர்றேன்னா, நீங்க படுங்க, இடுப்பு வலிக்குதும்பீங்கங்கறா. எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்? மூணாவது வாரம் பொறுக்க முடியல. பின்னாலயே டவுன் பஸ் ஏறி வந்தேன். கொட்டாய்த் தகரத்துல ஒரு இடுக்கு இருக்குது, அதுல கண்ணை வெச்சுப் பாத்தேன். ரெண்டு பேரும் எதிரெதிர்ல நாக்காலி போட்டு உக்காந்திருக்காங்க. நடுவுல வெள்ளைத் துணி. துணி மேல என்னுது, சார்! நீல டேப்பு, நாலாம் நம்பரு. பிரிச்சுப் போட்டிருக்காங்க. இவ ரெண்டு ஸ்பிரிங்கைக் கையில வெச்சுட்டு எது குட்டைன்னு பாக்கறா. அந்தாளு என்னமோ சொல்றாரு. இவ சிரிக்கிறா. என்ற துப்பாக்கியைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, நான் மாத்தாத வளையத்தை எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு, என்னைப் பத்திப் பேசிச் சிரிக்கறாங்க. வேற என்னத்துக்குங்க சிரிப்பாங்க?

மனசு பொக்குன்னு போச்சு. சத்தம் போடாமத் திரும்பி வந்துட்டேன். ஊட்டுல வந்து படுத்தேன். நெசமாவே இடுப்பு வலிச்சுது.

ஒண்ணு மட்டும் சொல்றேன், அவுங்க சிரிச்சதுக்கு ஆண்டவன் கூலி குடுத்தான். அந்த மாசத்துல இருந்து என்ற துப்பாக்கியெல்லாம் தானாச் சரியாப் போச்சு! நாலாம் நம்பரு, இருநூத்தி அறுவது, நாப்பதுன்னு குதிச்சிட்டிருந்தது, திடீர்னு எழுவத்தாறு, எழுவத்தேழுன்னு நிக்குது. அடுத்த வாரம் ரெண்டாம் நம்பரு. அப்பறம் அஞ்சு. ஓனர் கூட, வெள்ளிங்கிரி, கை பழகிருச்சு போலன்னாரு. ஆமாங்கன்னேன். பத்து வருசம் திருகாணி புடிச்ச கை, பழகாதுங்களா? சாந்தாமணி அப்ப என்னைப் பாத்து ஒரு மாதிரிச் சிரிச்சா. பாத்தியா, நானும் யாருக்கும் சளைச்சவனில்லைன்னு நானும் சிரிச்சேன்.

சித்தெ இருங்க, துணி நனைஞ்சு போச்சு. திருப்பி வெக்கறேன். ஆங்.

இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னுதானுங்களே கேக்கறீங்க? சொல்லத்தானே வந்தேன். நீங்க அறுவது பேரு வர்றீங்கன்னு எட்டு மணிக்கே ஆட்டம் ஆரம்பிக்கோணும்னு ஓனர் சொல்லியிருந்தாரு. எப்பவும் வெயில் ஏறித்தான் வேகம் பாப்போம். இன்னைக்கு ஏழு மணிக்கே பாக்கோணும். நானும் சாந்தாமணியும் ஆறரைக்கே வந்துட்டோம். அவ முகமூடி கழுவறதுக்குத் தண்ணி புடிக்கக் குழாய்க்குப் போயிட்டா. அந்தாளு இன்னும் வரல, அவரு கொட்டாயில நான் மட்டும். வரிசையா மஞ்ச டேப்பு ஆறும் தொங்குது. ஓனர் கண்ணு முன்னால, அவ வாயால, அந்தாளோட நம்பர் ஒரே ஒரு நாளு எகிறிப் படிச்சாப் போதும்னு தோணுச்சு. முன்னூத்தி பத்துன்னு அவ படிக்கோணும். படிச்சுட்டு, என்னங்கண்ணா இப்படின்னு கேக்கோணும். அந்தாளு மொகம் சுருங்கோணும். அவ்வளவுதான் சார் எனக்கு வேண்டியது. யாருக்கும் அடிபடோணும்னு நான் நெனைக்கவே இல்ல. எகிறுன துப்பாக்கியை மேசையில பாத்ததும் எப்படியும் இறக்கித்தானே குடுப்பாங்க?

பதினொண்ணை எடுத்தேன். ஆலன் கீயைப் போட்டு உள்ள ஒரு சுத்து. ஒரே சுத்துதான். சரி, ஒண்ணரைன்னு வெச்சுக்குங்க.

ஏழு மணிக்கு மேசையில உக்காந்தாங்க. பனி அப்படி எறங்குது, கை வெறைக்குது. ஏழு, இருநூத்தி அம்பத்தஞ்சு. எட்டு, அம்பத்தாறு. எல்லாம் கொறஞ்சு வருது. இந்தத் துப்பாக்கி சிலிண்டர்ல அடைக்கறது, சோடாவுக்கு அடிக்கிறாங்களே, அதே கேஸுதானுங்க. குளுருல அழுத்தம் இறங்கும், வெயிலு பட்டா ஏறும். கம்ப்ரசர் ஓட்டுன எனக்கு இது தெரியாதா? தெரியும். பத்து வருசமாத் தெரிஞ்ச விசயம், காலையில மறந்து போச்சு. வயித்தெரிச்சல் வந்தா மூளை வேலை செய்யாதாட்ட இருக்குது. பதினொண்ணு வந்துச்சு. நான் முன்னூத்தி பத்துக்குக் காத்துட்டிருக்கறேன். சாந்தாமணி படிக்கிறா. இருநூத்தி எழுவத்தெட்டு.

பாழாப் போனதுங்க! கெடுக்கலாம்னு ஒரு சுத்துச் சுத்துனா, அது ஓனர் கேக்கற நம்பர்ல போயி அச்சா நிக்குது. அதுவும் எப்படிப் படிச்சாங்கறீங்க? இருநூத்தி... எழுவத்தெட்டு. நிறுத்தறா. தலையைத் தூக்கறா. மறுக்காவும் இருநூத்தி... எழுவத்தெட்டு. நிறுத்தறா. என்னைப் பாக்கறா. பத்துக் குண்டுக்கும் பத்துத் தரம் நிறுத்தி என்ற மூஞ்சியைப் பாத்துப் பாத்துப் படிக்கிறா. பாருய்யா, இந்தக் குளுருலயும் அவரோடது எப்படி நிக்குதுன்னு குத்திக் காட்டறா. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. அந்தாளு மட்டும் நெத்தியைச் சுருக்கிட்டு, "மத்ததெல்லாம் அம்பத்தஞ்சு, இது மட்டும் எழுவத்தெட்டா? வெயில் ஏறுனா முந்நூறைத் தாண்டிரும்மா. இறக்கி வெச்சுடறேன்"னாரு. நான் உடுவனா? "ஏனுங்க, அறுவது பேரு வாசல்ல நிக்கறாங்க, சரியா இருக்கற நம்பரை எதுக்குக் கெடுக்கறீங்க?"ன்னேன். ஓனரும் ஆமா ஆமான்னுட்டாரு. "அப்ப பத்தரைக்கு மறுக்காப் பாத்தாகோணும்"னு சொல்லிட்டுப் போனாரு அந்தாளு.

அந்த நேரத்துல நானே திருப்பி வெச்சிருக்கலாந்தான். நெசமாச் சொல்றேன், ரெண்டு தரம் எந்திரிச்சேன். ஆனா அவ நிறுத்தி நிறுத்திப் படிச்சது காதுலயே நிக்குது. கை போவலைங்க சார்.

பத்தரைக்கு அந்தாளு மேசையைப் பாத்து வர்றாரு. கையில ரெண்டு டீ டம்ளரு. ரெண்டு! மேசையில சாந்தாமணி மட்டும் உக்காந்திருக்கா. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு இவளுக்கு. எனக்கு? நான் குறுக்க போயி நின்னேன். "என்னங்க?"ன்னேன். "பதினொண்ணை வாங்கி ஒருக்காப் பாத்துரலாம் தம்பி, வெயில் ஏறிருச்சு"ங்கறாரு. "நான் பாத்துட்டேன். எழுவத்தெட்டுதான். நீங்க போயி டீயைக் குடிங்க"ன்னேன். மேசை வரைக்கும் கேக்கற மாதிரிச் சத்தமாத்தான் சொன்னேன். அவ தலையைத் தூக்கிப் பாத்துட்டு அப்பாடான்னு மூச்சு உட்டா. அந்தாளு, "அப்படியா, நல்லது தம்பி"ன்னுட்டு ஒரு டீயை எங்கையில குடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. என் பேச்சை அப்படியே நம்பிட்டாரு சார். கூமுட்டை மனுசன். நான்னா நம்பியிருப்பனா?

பதினொன்னரைக்கு நீங்க கத்துனீங்க.

இப்பச் சொல்லுங்க, இதுல என் தப்பு எங்க இருக்குது? துப்பாக்கி யாருது, அவருது. மறுக்காப் பாக்க வேண்டியது யாரு, அவரு. அடுத்தவன் சொன்னா நம்பிட்டுப் போயிடறதா? சுத்துனது... அதை உடுங்க. ஒரு சுத்தெல்லாம் ஒரு சுத்தா? நீங்க மஞ்சன்னு எழுதுங்க. நான் சொன்ன மத்ததெல்லாம் நோட்டுல வேண்டாம்.

தா, நோட்டு வருது. எங்கூட்டுக்காரியே எடுத்துட்டு வர்றா. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கறேன். வா புள்ள. சாருக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கறாரு. நோட்டை அவருகிட்டக் குடு. மஞ்ச டேப்புன்னு எழுதறேன்னுட்டாரு.

"சார், வலி எப்படிங்க இருக்குது? மன்னிச்சுக்குங்க சார். நோட்டுல எழுதறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லோணும். பதினொண்ணு மஞ்ச டேப்புதான். ஆனா தேவசகாயண்ணன் மேல தப்பில்ல. காலையில அதோட திருகாணியைச் சுத்துனது எங்கூட்டுக்காரரு."

என்ன புள்ள உளர்றே? நீ குழாய்கிட்டல்ல இருந்தே?

"குழாயில தண்ணி வரல. அப்பவே திரும்பிட்டேன். கொட்டாய் வாசல்லதான் நின்னேன். நீங்க பதினொண்ணை எடுத்தது, கீயைப் போட்டது, சுத்துனது, எல்லாம் பாத்தேன்."

பாத்தியா? பாத்துட்டா ஏன் கம்முனு இருந்தே? அப்பவே அந்தாளுகிட்ட ஓடிப் போயிச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?

"அவருகிட்டச் சொன்னா உங்க மானம் என்னாவுங்க? நீங்களாத் திருப்பி வெச்சிருவீங்கன்னு பாத்தேன். நம்பர் படிக்கறப்ப ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தி உங்க மூஞ்சியைப் பாத்தேன், இப்பவாச்சும் எந்திரிப்பீங்களான்னு. ரெண்டு தரம் எந்திரிச்சீங்க, மறுக்கா உக்காந்துட்டீங்க. பத்தரைக்கு, நான் பாத்துட்டேன்னு சத்தமாச் சொன்னீங்களே, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. முகமூடி கழுவ நான் எந்திரிச்சுப் போன அந்தச் சித்தெ நேரத்துல திருப்பி வெச்சுப் பாத்துட்டீங்கன்னு நம்பிட்டேன். நம்புனது என் தப்பு சார். இவரு வேலை போயிரக் கூடாதுன்னுதான் லீவு நாளெல்லாம் அந்தண்ணன் காலைப் புடிக்காத கொறையாக் கெஞ்சி, இவரோட ஆறு துப்பாக்கியையும் பிரிச்சுச் சரி பண்ண வெச்சேன். அந்த மனுசன் மக வீட்டுக்குப் போறதா இருக்காரு, பொங்கலோட. இவருதான் இங்க நிக்கப் போறாருன்னு ஒவ்வொரு வளையமாப் பாத்துப் பாத்து மாத்துனாரு. இப்ப அவரு பேரை எழுத என் மனசு ஒப்பல. ஆறேமுக்காலுல இருந்து பதினொன்னரை வரைக்கும் இவரைத் தவிர நான் வேற எதையும் பாக்கல சார். எழுதுங்க."

சார்.

சார், கேட்டீங்களா?

ஆறேமுக்காலுல இருந்து என்னையேதான் பாத்துட்டிருந்தாளாமா. அந்தாளை இல்ல. கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம்! இருநூத்தின்னு நிறுத்துனது எனக்காகவாமா. அப்பாடான்னு மூச்சு உட்டதும் எனக்காகவாமா. ரெண்டு தரம் எந்திரிச்சு உக்காந்ததைக் கூட எண்ணி வெச்சிருக்கா பாருங்க. ஏ புள்ள, நெசமாவா? வேற எதையும் பாக்கலையா? டீ கொண்டாந்தாரே, அப்பக் கூடவா? ஆ! சார், கல்யாணத்தன்னைக்குக் கூட இவ என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்லைங்க.

நோட்டைக் குடு இங்க. சாருக்குக் கை தூக்க முடியாது, நானே எழுதறேன். துப்பாக்கி நம்பர் பதினொண்ணு. பொறுப்பு... மஞ்சையும் இல்ல, நீலமும் இல்ல. வெள்ளிங்கிரி. சுத்துனது வெள்ளிங்கிரி, மறுக்காப் பாத்தேன்னு பொய் சொன்னது வெள்ளிங்கிரி. போதுமா? சார், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மன்னிச்சுக்குங்க சார், நீங்க கும்புடற சாமி புண்ணியத்துல வெலா எலும்பு தப்பிச்சுது. இந்தா புள்ள, ஓனருகிட்டக் குடு. நானே எழுதுனேன்னு சொல்லு. தலை நிமுந்து போ.

பாருங்க சார், எப்படி நடந்து போறா பாருங்க. கண்ணைத் தொடைச்சுட்டே போறா. எனக்கு வேலை போச்சு, அதனாலென்ன, மில்லுல ஒரு ஆளைத் தெரியும், கேட்டாச் சேத்துக்குவாங்க. அந்தாளு மக வீட்டுக்குப் போறாருங்கறது எனக்குத் தெரியாம போச்சு பாருங்க. போறவரு மேலயா இவ்வளவு நாளு எரிஞ்சேன்?

சித்தெ இருங்க. நான் இன்னைக்கே போயிட்டா, துப்பாக்கி பாக்க ஆள் வேணுமல்லங்க? அப்ப ஓனரு அந்தாளைப் போகவா உடுவாரு? பொங்கலுக்கு அப்பறமும் இருங்கன்னுதானே சொல்லுவாரு? பன்னெண்டும் அந்தாளு கைக்குப் போயிரும். மேசையில அவ. எதுத்தாப்புல அவரு. பத்துப் பத்துக் குண்டு, தெனமும். நானு மில்லுல. ஐயோ, அதை நான் யோசிக்கவே இல்லைங்களே!

தா, கொட்டாய்கிட்ட நின்னுட்டா. அந்தாளு எந்திரிச்சு வர்றாரு. நோட்டை நீட்டிக் காட்டறா. கண்ணாடியைக் கழட்டறாரு. எதுக்குங்க கண்ணாடியைக் கழட்டறாரு? இவ என்னமோ சொல்றா, இவ்வளவு தூரத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. சார், ஐஸைச் சித்தெ நீங்களே புடிச்சுக்குங்க. நான் ஒரு எட்டுப் போயி என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வந்துடறேன்.